மிதித்தவர்களின் விசுவாசம்

நாகசாகி என்றதும் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாளே நம் நினைவுக்கு வருகிறது. அன்று அணுகுண்டு வெடித்தது ஊரகாமி என்னும் பகுதியின் மேல். ஜப்பானியக் கத்தோலிக்கரின் தாய்வீடு அது என்பதைப் பலர் அறியார். அம்மக்களின் துன்பமும் அன்று தொடங்கியதன்று.

முத்துக்குளித்துறையில் நம் முன்னோர்க்கு மறையுரைத்த புனித பிரான்சிஸ் சவேரியாரே 1549-இல் ஜப்பானிலும் விசுவாச வித்தை ஊன்றினார். 1614-இல் அரசு நம் மறையைத் தடை செய்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஒளிந்து பணியாற்றியோர் கொல்லப்பட்டனர். 1644-க்குப் பின் மக்களிடையே பணிபுரிய ஒரு குருவும் இல்லை. திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஏழு தலைமுறைக்குப் பின் குருக்கள் கடல்வழியே வருவர் என்னும் பழஞ்சொல் ஒன்று மட்டும் அவர்களிடையே வழங்கிவந்தது.

ஊரகாமியின் உழவர்கள் பணிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். ஒருவர் 1634-ஆம் ஆண்டுக்குரிய திருநாள் நாட்காட்டியைக் காத்து, அதைக்கொண்டு ஆண்டுதோறும் நாள்களைக் கணித்தார். ஒருவர் அவற்றை வீடுவீடாக அறிவித்தார்.

ஆனால் புத்தாண்டுதோறும் ஊர்த்தலைவரின் வீட்டில் கூடி, ஆண்டவரின் அல்லது அன்னையின் உருவம் பொறித்த தகட்டை அவர்கள் மிதித்தாக வேண்டும். மறுத்தால் தண்டனை, மரணம். அவர்கள் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீடு திரும்பி, உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி மன்றாடினார்கள். அதற்கென 1603-இல் எழுதப்பட்ட சிறு நூலொன்றைக் கையால் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் காத்துவந்தனர். குரு கிடைக்காத இடத்தில், இறையன்பினால் எழும் மனத்துயரும், வாய்ப்பு நேரும்போது சங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்பது அதன் போதனை. இதைக் குருமடத்தில் நாங்கள் தேர்வுக்காகப் படித்தோம். அவர்கள் இதைக்கொண்டே வாழ்ந்தார்கள்.

மறைசாட்சிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். மிதித்துவிட்டு மனம் வருந்தி, மீண்டும் நாட்காட்டியை எடுத்துவைத்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. ஊரகாமியில் விசுவாசம் அணையாதிருந்தது இவர்களால்தான் என்பது என் எண்ணம்.

1865-இல், வெளிநாட்டவருக்கென நாகசாகியில் ஊரா ஆலயம் எழுந்தது. அதன் குரு பெத்திழான் அடிகள், நம் புதுவை மறைத்தளத்தில் உழைத்த அதே பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சார்ந்தவர். மார்ச்சு 17-ஆம் நாள் ஊரகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தனர். தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று ஒரு பெண் மெல்லச் சொல்லி, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டார். அது துயரக் காலத்தின் பதினேழாம் நாள் என்றும் அவர்கள் தெரிவித்தனர். அவ்வாண்டு சாம்பல் புதன் மார்ச்சு முதல் நாள். வாசகரே, விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்! 200 ஆண்டுகளுக்கு மேலாகக் குருவைக் காணாத மக்களின் தவக்காலக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

தடையோ அப்போதும் நீங்கவில்லை. 1868 முதல் ஊரகாமியின் 3,000-க்கும் மேற்பட்டோர் பல ஊர்களுக்குக் கடத்தப்பட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட, எஞ்சியோர் வீடு திரும்பினர். 1880-இல் அவர்கள் ஊர்த்தலைவரின் பழைய மனையை, ஆண்டுதோறும் திருவுருவத்தை மிதித்த அதே இடத்தை, விலைக்கு வாங்கி ஆலயமாக்கினர். அங்கே பின்னர் எழுந்த பேராலயமே அணுகுண்டில் அழிந்தது. 1959-இல் அதை மீண்டும் கட்டியதும் அந்த மனையில்தான்.