லினக்ஸ் கெர்னலில் நுண்செயலி ஓய்வுநிலை மேலாண்மை

நுண்செயலிக்கு வேலை இல்லாதபோது அதை எவ்வளவு ஆழமான ஓய்வுக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்யும் கெர்னல் பகுதி இது. இன்டெல் வகைச் செயலிகளில் தொடக்கத்தில் எச்எல்டி என்ற ஓர் ஆணைதான் இருந்தது; அடுத்த குறுக்கீடு வரும்வரை செயலி நிற்கும். 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை விதிமுறை சி1, சி2, சி3 என்று நிலைகளை வகுத்தது. ஆழம் கூடினால் மின்சாரம் மிச்சமாகும், ஆனால் விழித்தெழத் தாமதமாகும். குறுகிய இடைவெளியில் ஆழமாக இறங்குவது நட்டம். எனவே ஓய்வு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கணிப்பதே இங்கு முக்கியமான வேலை.

அந்தக் கணிப்பும் வன்பொருளை இயக்கும் நிரலும் நெடுநாள் பின்னிக் கிடந்தன. 2008இல் வந்த லினக்ஸ் 2.6.24ஆம் பதிப்பின் சிபியுஐடில் கட்டமைப்பு இரண்டையும் பிரித்தது: கணிப்பு ‘கவர்னர்’ பக்கம், இயக்கம் ‘டிரைவர்’ பக்கம். 2010இல் சேர்ந்த இன்டெல்ஐடில் டிரைவர், கணினியின் தொடக்க நிரலான பயாஸ் தரும் அட்டவணையை நம்பாமல் செயலியின் மாதிரியைப் பார்த்தே நிலைகளை அறிந்துகொண்டது.

ஆனாலும் பழைய வழிகள் அழியவில்லை. பிஎம்_ஐடில் என்ற பொதுச் சுட்டியை ஏபிஎம், ஏசிபிஐ முதலிய மின்மேலாண்மைப் பகுதிகள் தத்தம் விருப்பப்படி மாற்றி எழுதிவந்தன. 2013இல் 3.9ஆம் பதிப்பில் கெர்னல் நிரலாளர் லென் பிரவுன் அதை நீக்கினார். அடுத்த பதிப்பில் தாமஸ் கிளைக்ஸ்னர், ஒவ்வொரு செயலிக் குடும்பமும் தனியே வைத்திருந்த ஓய்வுச் சுழற்சிகளைப் பொதுவான ஒன்றாக்கினார். மிகத் தேவையான துப்புரவு இது.

அதே 3.9இல், எச்எல்டியைப் போலச் செயலியை ஓய்வுக்கு அனுப்பும் எம்வெயிட் என்ற ஆணையைப் பயன்படுத்தும் பழைய ஓய்வுச் சுழற்சியும் நீக்கப்பட்டது. கணினி தொடங்கும் சிறிது நேரத்துக்கு எச்எல்டி போதும், பிறகு சிபியுஐடில் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. அது பொய்த்தது. சி1 மட்டுமே உள்ள சில கோர்2 காலக் கணினிகளில் சிபியுஐடில் இயங்கவே இல்லை. அவை எச்எல்டியிலேயே தங்கிவிட்டன. சில மடிக்கணினிகளோ எச்எல்டியைப் பயன்படுத்தினால் தொடக்கத்திலேயே உறைந்தன; அவற்றின் பயாஸ் எம்வெயிட்டை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருந்ததாகத் தெரிகிறது. 2015இல் 4.1ஆம் பதிப்பில் லென் பிரவுனே அந்தச் சுழற்சியைத் திரும்பச் சேர்த்தார். நிரலில் எங்குமே எழுதப்படாத இத்தகைய சார்புகள் இருப்பதை, அந்தச் சுழற்சியை நீக்கிப் பார்த்தபிறகே அறிய முடிந்தது.

2018இல் 4.17ஆம் பதிப்பில் ரஃபேல் விசோக்கி ஓய்வுக்குச் செல்லும் படிகளின் வரிசையையே மாற்றினார். அதுவரை கெர்னல், செயலியைச் சீரான இடைவெளியில் எழுப்பும் டைமர் துடிப்பை முதலில் நிறுத்திவிட்டே கவர்னரைக் கேட்டது. ஓய்வு குறுகியதாக இருந்தால் அந்த உழைப்பு வீண். இப்போது கவர்னர் முதலில் கணிக்கிறது. ஓய்வு நீளும் என்று தெரிந்தால் மட்டுமே துடிப்பு நிற்கிறது.