தொலைக் கணினியில் கட்டளை இயக்கும் செயற்கூறுகள்

தொலைக் கணினியில் கட்டளை இயக்கும் செயற்கூறுகள், பிணையத்தின் வழியே வேறொரு கணினியில் ஒரு கட்டளையைத் தொடங்கி, அதன் வெளியீட்டையும் முடிவு எண்ணையும் அழைத்த நிரலுக்குத் திருப்பித் தருபவை. எழுதும்போது இவை ஒற்றை வரிதான். கட்டளையை அனுப்புவது எளிது. அங்கே என்ன நடந்தது என்பதைச் சரியாக அறிந்துகொள்வதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

1983-ல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் இதற்கென்றே ஆர்எக்ஸெக், ஆர்சிஎம்டி என்ற செயற்கூறுகள் இருந்தன. முதலாவது, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மறையாக்கம் இல்லாமல் 512-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். இரண்டாவது கடவுச்சொல்லே கேட்காது. அழைப்பு 1024-க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டிலிருந்து வந்தால் அனுப்பியது அந்தக் கணினியின் நிர்வாகி அனுமதித்த நிரல்தான் என்று மறுமுனை நம்பிவிடும். ஆளுக்கொரு கணினியும் அவரவரே நிர்வாகியுமாக ஆன பிறகு இந்த நம்பிக்கைக்குப் பொருளில்லாமல் போயிற்று. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த தாத்து ஈலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். 22-ஆம் போர்ட்டில் இயங்கும் அதன்மீதுதான் இன்றைய செயற்கூறுகள் பெரும்பாலும் நிற்கின்றன.

பைத்தானில் பாராமிகோ நூலகத்தின் எக்ஸெக் கமாண்ட் நல்ல எடுத்துக்காட்டு. அது உள்ளீடு, வெளியீடு, பிழை என மூன்று ஓடைகளைத் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு அழைப்பும் தனிச் சேனலில் ஓடுவதால், முதல் அழைப்பில் கோப்புறை மாறினாலும் அடுத்த அழைப்பு பழையபடி பயனரின் முகப்புக் கோப்புறையிலேயே தொடங்கும். புதியவர்கள் இதில்தான் முதலில் இடறுகிறார்கள். அடுத்த இடறல் இதைவிடக் கடினமானது. வெளியீட்டைப் படிக்காமல் முடிவு எண்ணுக்குக் காத்திருந்தால், நீண்ட வெளியீடு சேனலின் இடத்தை நிரப்பிவிடும். அந்தப் பக்கம் எழுத வழியில்லாமல் நிற்கும், இந்தப் பக்கம் முடிவு வராமல் நிற்கும். சோதனையின்போது வெளியீடு சிறிதாக இருப்பதால் இந்தக் கோளாறு அப்போது கண்ணில் படுவதில்லை.

திரும்பி வருபவை எழுத்துகளல்ல, பைட்டுகள். 'சுந்தரபாண்டியபுரம்' என்று பெயரிட்ட கோப்புறை ஒன்று தொலைக் கணினியில் இருப்பதாகக் கொண்டால், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அப்பெயர் 18 குறியீடுகள், குறியீட்டுக்கு 3 வீதம் 54 பைட்டுகள். வெளியீட்டைத் துண்டு துண்டாக வாங்கி அப்போதைக்கப்போது எழுத்தாக்கினால், ஒரு குறியீட்டின் நடுவே துண்டு முறிந்து நிரல் பிழையில் நிற்கலாம். முழுவதையும் சேர்த்த பின் எழுத்தாக்குவதே பாதுகாப்பு.

முடிவு எண் 0 என்றால் வெற்றி. 127 என்றால் பொதுவாக அப்படியொரு கட்டளையே அங்கில்லை என்று, கட்டளைகளைப் பெற்று இயக்கும் நிரலான ஷெல் சொல்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் நிரல் இணைப்பு போன்ற தன் சொந்தப் பிழைகளுக்கு 255-ஐத் தருகிறது. இணைப்பு நடுவில் அறுந்தால் கட்டளை ஓடியதா இல்லையா என்பதை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. ஆகவே இருமுறை ஓடினாலும் கேடு விளையாத வகையில் கட்டளையை அமைப்பது நல்ல வழக்கம்.

எஸ்எஸ்எச் கட்டளையைப் பட்டியலாக அல்ல, ஒரே சரமாக அனுப்புகிறது. அதைப் பிரித்துப் பொருள்கொள்வது மறுமுனை ஷெல். பயனர் தட்டிய பெயரை அப்படியே ஒட்டினால், அதிலுள்ள ஓர் அரைப்புள்ளிக்குப் பின் வருவது புதிய கட்டளையாகிவிடும். பைத்தானின் ஷ்லெக்ஸ் தொகுதியிலுள்ள கோட் செயற்கூறு இதைத் தடுக்கிறது.

விண்டோஸில் பவர்ஷெல்லின் இன்வோக்-கமாண்ட் இதே வேலையைச் செய்கிறது. கணினிகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது ஒவ்வொன்றையும் தேடிப் போய் அழைப்பதைவிட, ஒவ்வொன்றிலும் ஒரு முகவர் நிரலை நிறுவி அதுவே வந்து வேலை கேட்கச் செய்வது எளிது. ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் சில இவ்வகையைச் சேர்ந்தவை. இம்முறையில் எல்லாக் கணினிகளின் கட்டுப்பாடும் ஒரே சர்வரில் சேர்கிறது. 2020 மார்ச்சில் மேனேஜ்எஞ்சின் டெஸ்க்டாப் சென்ட்ரலில் உள்நுழையாதவரும் சர்வரில் நிரல் இயக்கக்கூடிய ஓட்டை வெளிப்பட்டு, அம்மாதமே அடைக்கப்பட்டது. எஸ்எஸ்எச்சில் இந்த அபாயத்தைக் குறைக்க, அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் குறிப்பிட்ட சாவியை ஒரே கட்டளையோடு கட்டிவைக்கலாம். வேறு எதை அனுப்பினாலும் அந்த ஒன்றுதான் ஓடும்.