வளர்ந்தோர் புற்றுநோய்க்கான நிர்ப்பீடன மருந்துகள்: சிகிச்சை வழிகாட்டல்களின் வரலாறு

உடலின் நிர்ப்பீடனத் தொகுதியைக் கொண்டே புற்றுக் கலங்களை அழிக்கும் மருந்துகளை யாருக்கு, எந்நிலையில், எவ்வளவு கொடுப்பது, பக்கவிளைவு தோன்றினால் என்ன செய்வது என்பவற்றை வகுத்துரைப்பவை இவ்வழிகாட்டல்கள்.

தொடக்கம்

1891இல் நியூயோர்க் சத்திரசிகிச்சை வைத்தியர் வில்லியம் கோலி, புற்றுக்கட்டிக்குள் பக்டீரியாவை ஏற்றிப் பார்த்தார். அளவும் பலனும் ஆளுக்காள் மாறியதால் அம்முறை நிலைபெறவில்லை. நிலைத்த ஒழுங்குமுறை 1976இல் வந்தது. கனடாவின் அல்வாரோ மொராலஸ், காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறை என ஆறு வாரம் செலுத்தினார். மருந்துப் பொதியில் ஆறு குப்பிகள் இருந்ததே ஆறு என்ற எண்ணுக்குக் காரணம். தொடக்கச் சிகிச்சை இன்றும் ஆறு வாரந்தான்.

தடை நீக்கும் மருந்துகள்

நிர்ப்பீடனத் தொகுதியின் ரி கலங்கள் எல்லை மீறாதபடி சி.டி.எல்.ஏ-4, பி.டி-1 ஆகிய புரதங்கள் பிரேக்காக நிற்கின்றன. புற்றுநோய் இவற்றைப் பயன்படுத்தித் தப்பித்துக்கொள்ளும். இத்தடையை நீக்கும் பிறபொருளெதிரிகளுள் இபிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்சோவும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

பக்கவிளைவு விதிகள்

தடை நீங்கிய ரி கலங்கள் குடல், தோல், ஈரல், நுரையீரல், தைரொயிட்டுச் சுரப்பி ஆகியவற்றையும் தாக்கக்கூடும். இதற்கான விரிவான விதிகளை ஐரோப்பிய மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2017இலும், அமெரிக்கச் சங்கம் 2018இலும் வெளியிட்டன. பாதிப்பு நான்கு படிகளாகப் பிரிக்கப்படும். முதற்படியில் பொதுவாகக் கண்காணிப்புடன் மருந்து தொடரும். இரண்டாம் படியில் மருந்தை இடைநிறுத்தி, தேவைப்பட்டால் உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு நாளாந்தம் 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தைக் கொடுப்பர். மூன்றாம் படியில் அது 1 முதல் 2 மில்லிகிராமாகும். பின்னர் 4 முதல் 6 வாரங்களில் அதைச் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். நான்காம் படியில் பெரும்பாலும் நிர்ப்பீடன மருந்து நிரந்தரமாக நிறுத்தப்படும். சுரப்பி பழுதுபட்டவர் ஓமோன் குளிசையோடு சிகிச்சையைத் தொடரலாம்.

எட்டும் அளவு

இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னிலையில் உள்ளது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் முக்கிய காரணம். அதனால் மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையின் ஆய்வு இங்கும் கவனத்துக்குரியது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழமையான குளிசைச் சிகிச்சையுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை செலவு எட்டும்படி வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்க்கப்பட்டது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 வீதத்திலிருந்து 43.4 வீதமாயினர். வழமையான அளவு இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் இவ்வகை மருந்துகளை 2019இல் மெலனோமா எனும் தோற்புற்றுநோய்க்காக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

கல்லடியில்

மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடியில் வசிக்கும் ஒருவர் வாவிக்கு அப்பாலுள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, சுமார் 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறலாம். ஆனால் வயிற்றோட்டமோ மூச்சுத்திணறலோ வந்தால் முதலில் பார்ப்பவர் ஊர் வைத்தியரே. ஊசி நின்று மாதங்கள் கழிந்தும் பாதிப்பு தோன்றலாம். கிருமித்தொற்று என்று எண்ணிவிட்டால் சிகிச்சை பிந்தும். ஆகவே நிர்ப்பீடன மருந்து ஏற்றப்பட்டதைக் குறிக்கும் அட்டையை நோயாளி எப்போதும் வைத்திருக்கவேண்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டவேண்டும்.