நாய்க்கும் பூனைக்கும் ஒரே சோறா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எஞ்சிய சோற்றை மீன்குழம்போடு பிசைந்து நாய்க்கும் பூனைக்கும் ஒருங்கே இடும் இல்லங்கள் பல. நாய் அதனைக் கொண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும்; பூனைக்கோ அது போதாது. இவ்வுண்மை புலப்பட்ட வரலாறு சுவையானது.

1919ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் எட்வேட் மெலன்பி தானிய உணவால் நாய்க்குட்டிகளின் எலும்புகள் வளைவதையும், கொட்மீன் ஈரலெண்ணெய் அதனைத் தடுப்பதையும் எடுத்துக்காட்டினார். குழந்தைகளின் கால்களை வளைக்கும் றிக்கெற்ஸ் நோய்க்கு வழி பிறந்தது. 1937இல், அமெரிக்காவின் கொன்ராட் எல்வேயம் குழுவினர் நாய்களின் கருநாக்கு நோயை நிக்கொட்டினிக் அமிலத்தால் தீர்த்தனர். மனிதரை வாட்டிய பெலாக்ரா நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று.

பூனையின் கதை வேறு. டோரின் என்னும் பொருள் குறைந்தால் அதன் விழித்திரை சிதையும் என்பது 1975இல் தெரியவந்தது. இதயமும் விரிந்து தளரும் என்பதை 1987இல் கலிபோர்னியாவில் போல் பியோன் குழுவினர் கண்டனர். நாயின் உடல் பொதுவாக டோரினை ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு ஆக்க இயலாது. மீனிலும் இறைச்சியிலும் அஃது உண்டு. சோற்றிலும் பாணிலும் இல்லை.

ஆகவே நேயர்களே, குழம்பு கூட்டுமுன் சிறிது மீனைத் தனியே அவித்து, முள் நீக்கிப் பூனைக்கு இடுங்கள். வெங்காயம் இரண்டின் குருதியையும் கெடுக்கும்; சொதியும் சம்பலும் வேண்டா. நம் நோய்க்கு மருந்து காண உதவிய உயிரினங்களுக்கு, அவற்றுக்கேற்ற உணவை இடுதல் நம் கடன் அன்றோ?