தாடை எலும்பின் அரிய புற்றுக்கட்டிகள்

தாடை எலும்புக்கு உள்ளேயே பிறக்கும் புற்றுக்கட்டிகள் அரியவை. தெற்குக் கேரளத்தின் அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் தாடைப் புற்று என்று சொல்லப்படுவது பெரும்பாலும் முறுக்கான் (வெற்றிலைப் பாக்கு) அடக்கிய கன்னத்திலோ ஈறிலோ தொடங்கி எலும்பை அரித்த வாய்ப்புற்றுதான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில் நலப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2005இல் வெளியான முடிவு காட்டியது. எலும்புக்குள் வளரும் கட்டியோ வீங்கும்வரை இப்படிப்பட்ட சோதனைக்குச் சிக்காது.

இவற்றுள் பல, பல் உருவானபோது தாடையில் எஞ்சிய செல்களிலிருந்து தோன்றுகின்றன. அமெலோபிளாஸ்டோமா என்பது புற்றல்லாத கட்டி. ஆனால் சுரண்டி எடுத்தால் மீண்டும் மீண்டும் முளைக்கும். அதன் புற்று வடிவம் அமெலோபிளாஸ்டிக் கார்சினோமா. இரண்டுக்கும் நடுவே ஒரு புதிர் உண்டு: நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியும் அமெலோபிளாஸ்டோமாவே, பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் அதே உருவத்தோடு முளைப்பது. உலக சுகாதார நிறுவனம் இதை 2005இல் புற்றுகளோடு சேர்த்தது; 2017இல் புற்றல்லாதவற்றின் பட்டியலுக்கு மாற்றியது. செல்லின் தோற்றத்தை வைத்துப் பார்த்தால் அது சரி. நுரையீரல் வரை போன கட்டியைச் சாது என்று நோயாளியிடம் சொல்வதுதான் கடினம்.

பரவும் வழியும் கட்டிக்குக் கட்டி மாறும். கார்சினோமா கழுத்தில் நெறி கட்டவைக்கலாம். இரத்தம் வழியாக நுரையீரலுக்கும் போகும். எலும்புப் புற்றான ஆஸ்டியோசர்கோமாவில் கழுத்து நெறி அரிது. கைகால் எலும்புகளில் வருவதைவிட இது தாடையில் சற்று மூத்த வயதில் வருகிறது. தொலைவில் பரவுவதைக் காட்டிலும் அதே இடத்தில் திரும்ப வளர்வதே பெரிய ஆபத்து. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைக் கட்டி பற்றினால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். மார்பகம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் புற்று தாடைக்கு வந்து சேர்வதும் உண்டு. அதற்கும் சிலருக்கு இந்த மரப்பே முதல் அடையாளம்.

1956இல் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் எல்லை பிரிந்த பிறகும் இருபக்கத்து நோயாளிகளும் நாடிப்போவது திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தை. இக்கட்டிகளுக்கு முதன்மைச் சிகிச்சை, சுற்றியுள்ள நல்ல எலும்போடு சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பது. இழந்த தாடைக்குப் பதிலாகக் கணைக்காலின் மெல்லிய எலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்துவார்கள். ஆனால் நோயாளி முதலில் போவது பல் மருத்துவரிடம்தான், ஆடும் பல்லைப் பிடுங்க. பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் சதை வளர்ந்தால் அதைச் சுரண்டி எறியாமல், ஃபார்மலினில் இட்டு பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும்.