திருவலகும் உழவாரமும்

கொங்குநாட்டில் கோவை நகருக்கு வடபாலுள்ள சரவணம்பட்டி முதலிய ஊர்களில் முறமும் துடைப்பமும் மண்வெட்டியும் முன்னாளில் வீடுதோறும் காணப்பட்டன. கணிப்பொறித் தொழிற்கூடங்கள் பெருகிய இந்நாளில் அவற்றுட் பல கைக்கு எட்டாப் பொருள்களாகி வருகின்றன. பொருள் மறையின் அதனாற் குறிக்கப்பட்ட கருத்தும் மறைதல் இயல்பு. ஆதலின், சைவத் திருவுருவங்களில் இடம்பெற்ற எளிய கருவிகளின் குறிப்பை அறிந்து போற்றுதல் வேண்டும்.

முதற்கண் துடைப்பத்தை நோக்குவாம். காக்கைக்கொடியும் துடைப்பமும் சேட்டை என்னும் மூதேவிக்கு உரிய அடையாளங்கள்; அவ்விடத்து அது வறுமையின் குறி. அதுவே திருக்கோயிலுட் புகுங்கால் ‘திருவலகு’ எனப் பெயர் பெறுகின்றது. திருவதிகை வீரட்டானத்தில் வைகறைதோறும் அலகிட்டு மெழுகிய திலகவதியார், சூலைநோயால் வருந்தி வந்த தம்பியார்க்குத் திருநீறு அளித்து, திருப்பணிக்குரிய அலகும் மெழுக்கும் தோண்டியும் ஏந்தி, அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றனர் என்பது சேக்கிழார் காட்டும் வரலாறு. கருவி ஒன்றே, அது யார்பொருட்டு இயங்குகின்றதோ அதற்கேற்பக் குறிப்பு வேறாகின்றது.

அத்தம்பியாரே கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசர். அவர்தம் திருவுருவில் மழித்த தலையும் கண்டிகையும் கூப்பிய கையும் காணப்படினும், அவரை இன்னாரென ஐயமின்றி அறிவிப்பது தோளிற் சார்ந்த உழவாரமே. அது புல்லைச் செதுக்கும் சிறு கருவி. திருப்புகலூரில் அவ்வுழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பவே கருதி வாவியில் எறிந்தனர் அப்பெருமான். உழவாரம் ஏந்திய கைக்குப் பொன் வேண்டப்படவில்லை. சரியைத் தொண்டின் நிறைவை இதனினும் தெளிவாக உணர்த்தும் குறி யாது?

அடியார் கைக்கருவி ஆண்டவன் கையிலும் ஏறிற்று. நொய்யற்கரையிலுள்ள பேரூரில், சுந்தரர் வருங்காலத்து இறைவனும் இறைவியும் உழுதொழிலாளராய் நாற்று நட்டனர் என்றும், மறைவிடத்தைக் காட்டிய நந்தியின் தாடை மண்வெட்டியால் அடியுண்டது என்றும் தல வரலாறு கூறும். ஆனித் திங்களில் நிகழும் நாற்று நடவு விழா இதனை நினைவூட்டுவது. 17-ஆம் நூற்றாண்டின் கனகசபைச் சிற்பங்களைக் கண்டு வியப்போர், அத்தலத்திலேயே சேறு படிந்த மண்வெட்டியும் தெய்வக் கருவியாய் நின்றதை மறத்தலாகாது. அம்பலத்தில் ஆடிய அடியே வயலிலும் பதிந்தது என்பதே அவ்வூர் மரபு.

சூலமும் மழுவும் இறைவனது ஆற்றலைக் குறிப்பன. அலகும் உழவாரமும் மண்வெட்டியும் அவனை அடையும் நெறியைக் குறிப்பன. சூலத்தை ஏந்துதல் நம்மனோர்க்கு அரிது. அலகை ஏந்துதல் யாவர்க்கும் எளிது. வீட்டினின்று அப்பொருள்கள் நீங்கினும் நீங்குக. திருமுன்றிலைத் தூய்மைசெய்யும் கைகள் உள்ளவரை அவற்றின் பொருள் நீங்காது. உழவாரம் ஏந்திய அப்பர் திருவுருவைச் சிறார்க்குக் காட்டுவோர், அக்கருவியின் பெயரையும் பணியையும் கூடவே அறிவித்தல் கடனாம்.