ராஜ வீதியில் ஒரு பாட்டனார்

நம்மில் பலருக்குக் கொள்ளுப் பாட்டனார் என்றால் அவர் பெரிய மனிதராகத்தான் இருக்கவேண்டும். உள்நாட்டுக் குடும்பமானால் மிராசுதார். கடற்கரைப் பட்டினத்துக் குடும்பமானால் கட்டாயம் துபாஷி. கம்பெனிக் காலத்தில் உண்மையிலேயே அத்தனை துபாஷிகள் இருந்திருந்தால், மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து படகில் ஏற்றுவதற்கு ஓர் ஆள் அகப்பட்டிருக்கமாட்டான்.

என் நண்பர் ஒருவருடைய குடும்பத்திலும் ஒரு துபாஷி உண்டு. தரங்கம்பாடி ராஜ வீதியில், டேனிஷ்காரர் காலத்தில், பல்லக்கில் போனவராம். "அந்தத் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள் சார்" என்று அவர் கூப்பிட்டபோது மறுக்கத் தோன்றவில்லை.

சரித்திரம் படிக்க அந்தத் தெருவைவிடச் சுலபமான தெரு கிடைப்பது அரிது. மேற்கே 1792-ஆம் ஆண்டில் கட்டிய நகர வாசல். கிழக்கே கோட்டை, மைதானம், கடல். நடுவே சீயோன் கோயில், 1701-ல் கட்டியது. புதிய எருசலேம் கோயில், 1718-ல் கட்டியது. பத்து நிமிஷ நடையில் இருநூறு வருஷத்தைக் கடந்துவிடலாம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு இந்தக் கரையில் இடம் கொடுத்தார். அவர் அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோப்பன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வீடுகளின் தூண்கள் மட்டும் நின்றன.

ஆனால் ஊர் அவர்கள் வந்த பிறகு பிறந்ததல்ல. கடலோரத்து மாசிலாமணி நாதர் கோயில் 1306-ல், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊருக்கு அப்போது சடங்கன்பாடி என்று பெயர். அந்தக் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. கடலே சில ஏடுகளைக் கிழித்துவிட்டபிறகு, கரையான் அரித்தவற்றுக்காக யாரை நோவது?

குடும்பம் தேடுகிறவனுக்கு முதல் தடை, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாகக் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து மகனோடு வருகிறது. பேரனிடம் அது மாறிவிடுகிறது. மூன்று தலைமுறை பின்னால் போனால் முருகையன், கோவிந்தன், முருகையன் என்று ஒரே வட்டம். இதில் டேனிஷ்காரர்கள் நம்மைவிட மேல் என்று நினைக்கவேண்டாம். அங்கும் சாமானியக் குடியானவன் வீட்டில் யென்ஸ் என்பவன் மகன் யென்சன், அவன் பிள்ளைக்கு வேறு பெயர் என்றுதான் இருந்தது. நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டதே 1828-ல்தான். ஆகவே மூதாதையரைத் தேடி அந்தத் தேசத்திலிருந்து இங்கே வருகிறவரும், நம் நண்பரும், ஒரே மணலில் ஒரே ஊசியைத் தேடுகிறவர்களே.

இரண்டாவது தடை, ஞானஸ்நானம். கூடலூர் ஆறுமுகம், 1733-ல் குருப்பட்டம் பெற்றபோது ஆரோன். பிராட்டெஸ்டெண்ட் சபையில் இந்தியாவின் முதல் குருவானவர் அவர். அதனால் அவருடைய பழைய பெயர் தப்பிப் பிழைத்தது. அவர் பக்கத்து வீட்டுக்காரர் மதம் மாறியிருந்தால் அவருடைய பழைய பெயர் எங்கே போயிற்று என்று யாருக்குக் கவலை?

எனக்கு அந்தத் தெருவில் எப்போதும் நினைவுக்கு வருகிறவர் எஸ்கில் கொங்ஸ்பக்கே. தாய்நாட்டில் யுத்தம், கம்பெனிக்கு நஷ்டம். கப்பல் வருவதே நின்றுபோயிற்று. கோட்டையில் இருந்தவர்களில் சிலர் இறந்தார்கள், சிலர் ஓடினார்கள். 1655-ல் இவர் ஒருவர்தாம் மிச்சம். 1669-ல் கப்பல் வந்து சேரும்வரை, ஏறக்குறைய பதினான்கு வருஷம், ஒரே ஒரு டேனிஷ்காரர் டான்ஸ்போர்க் கோட்டையைப் பிடித்து வைத்திருந்தார். சரித்திரப் புத்தகங்கள் அவரை மெச்சுகின்றன, மெச்சவேண்டியதுதான். ஆனால் ஒற்றை மனிதன் கோட்டை வாசலையும் காத்து, பீரங்கியையும் துடைத்து, சந்தைக்கும் போய் வர முடியுமா? அவரிடம் சம்பளம் வாங்கிய தமிழர்களும் போர்த்துகீசியக் கலப்பு இனத்தவரும்தான் அந்தக் கோட்டையைக் காத்தவர்கள். புத்தகத்தில் "ஒருவரே" என்ற சொல்லுக்குப் பின்னால் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

இதை நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் சாதாரண ஜனங்களின் பெயர் எங்குமே இல்லையா?" என்றார்.

இருக்கிறது. அதுதான் வேடிக்கை. சாதாரண மனிதன் கடன் வாங்கினால், வழக்குத் தொடுத்தால், வரி கட்டினால், ஞானஸ்நானம் பெற்றால் காகிதத்தில் ஏறுகிறான். சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்து இறங்கியது முதல் பாதிரிமார் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கடிதங்களும் குறிப்புகளும் நம் பனையோலைகளும் இன்றும் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. பல்லக்குத் துபாஷியைத் தேடுகிறவர் அவற்றில் முதலில் சந்திப்பது வேறு மனிதர்களை. 1707 மே மாதம் 12-ஆம் தேதி சீயோன் கோயிலில் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. தரங்கம்பாடி மிஷனின் முதல் பலன் அது. அந்த ஐந்து பேரும் ஊரிலிருந்த ஐரோப்பியர்களின் அடிமைகள். பஞ்ச காலத்தில் வயிற்றுக்காகத் தன்னையோ பிள்ளையையோ விற்றுவிடுவது இந்தக் கரையில் புதிதல்ல. அப்படி விற்கப்பட்டவர்களைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளுக்கு அனுப்பியதில் டேனிஷ்காரர்களுக்கும் பங்கு உண்டு.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. சீயோன் கோயில் சுவர் நிழலில் நின்றுகொண்டு, "அந்த ஐந்து பேருக்கும் பிள்ளை குட்டிகள் இருந்திருக்குமே?" என்றார்.

"இருந்திருக்கலாம்."

"எங்கள் பாட்டனார் அடிமை என்று ஒரு குடும்பம்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை, சார்."

நானும் கேட்டதில்லை. தெருவில் திண்ணை வைத்த வீடுகளையும், பெருமழையில் இடிந்து பிற்பாடு செப்பனிடப்பட்ட வீடுகளையும் பார்த்துக்கொண்டு கடற்கரைவரை நடந்தோம். இந்தத் திண்ணைகளைத் துடைத்தவர்கள் யார் என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பல்லக்கைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, ஊருக்குப் போனதும் பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார்.

"சொல்லுங்கள். ஆனால் அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்" என்றேன்.